இருபத்தோரு ஸ்லாட்டும் ஒரு காலிச் சதுரமும்

நான் கோபக்காரி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்துவிட்டதாகப் புலம்பக் கூடாது. மனிதர்களிடம் மட்டும் கோபப்படுகிற சாதாரணக் கோபக்காரியும் இல்லை. திறக்காத பூட்டு, எழுதாத பேனா, ஏறாத பஸ் ஜன்னல், எல்லாவற்றையும் திட்டியிருக்கிறேன். ஆனால் என் ஆயுளில் நான் அதிகம் திட்டியது ஓர் இன்டர்நெட் பக்கத்தை. அந்தக் கோபத்தில் 2005 டிசம்பரில் நான் செய்த ஒரு காரியத்தால் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை பத்து ஷூ கம்பெனிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தன. நாற்பது பெண்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லாமல் போக இருந்தது. அந்த நாற்பது பேரும் என் முகத்தைத் தினமும் பார்க்கிறவர்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஹைவே ஓரம் இருந்த ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் கிளார்க் வேலை. பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு ஃபேக்ஸ் மெஷின், வயிறு தள்ளிய ஒரு கம்ப்யூட்டர், நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புரொடக்‌ஷன் மேனேஜர் ரஃபீக் பாய். நல்ல மனிதர். என்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. (அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.)

இன்டர்நெட் அன்றைக்கு டெலிபோன் வயரில் வரும். கனெக்‌ஷன் கொடுத்தால் மோடம் தொண்டை கட்டிய கோழி மாதிரி கத்தும். அந்தச் சத்தத்தை இப்போது யாராவது போட்டுக் காட்டினால் நின்று கேட்பேன். அப்போது கேட்டால் பல்லைக் கடிப்பேன். நடுவில் யாராவது அதே லைனில் போனை எடுத்தால் எல்லாம் அறுந்துவிடும். அதனால் நான் டெலிபோனையே ஷூ பெட்டிக்குள் வைத்து, மேலே 'தொட்டால் கை இருக்காது' என்று எழுதி ஒட்டியிருந்தேன். பாய்கூடத் தொட மாட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஷூ தயாராகிப் பெட்டியில் போட்டுவிட்டால் உடனே கன்டெய்னரில் ஏற்றிவிட முடியாது. சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையருக்காகச் சென்னையில் ஒரு ஏஜென்சி இருக்கும். அங்கிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, பெட்டியைப் பிரித்துப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். அவர் வருகிற அரை நாளுக்குப் பெயர் ஸ்லாட். முன்பெல்லாம் ஏஜென்சி மேடத்திடம் போனில் இனிக்க இனிக்கப் பேசினால் ஸ்லாட் கிடைக்கும். எனக்கு இனிக்கப் பேச வராது. ஆகவே எங்களுக்குக் கடைசியில்தான் கிடைக்கும்.

அந்த நவம்பரில் ஏஜென்சி அதை இன்டர்நெட்டுக்கு மாற்றியது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அடுத்த வாரத்தின் இருபத்து நான்கு ஸ்லாட்டும் திறக்கும். பக்கத்தில் கம்பெனி பெயர், ஆர்டர் நம்பர், பெட்டிக் கணக்கு எழுதி பட்டனை அழுத்தினால், காலியாக இருக்கிற முதல் ஸ்லாட் நமக்கு. மெஷினுக்கு இனிப்பும் தெரியாது, காரமும் தெரியாது என்று நான் மகிழ்ந்தேன். ஆனால் எங்கள் லைனில் அந்தப் பக்கம் இறங்குவதற்குள் ஒரு டீ குடித்து கிளாஸைக் கழுவிவிடலாம். ஏஜென்சியின் லோகோ மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக வரும். அது முழுசாக வரும்போது ஸ்லாட் எல்லாம் தீர்ந்திருக்கும். மூன்று திங்கட்கிழமை இப்படியே போயிற்று. ஒவ்வொரு தடவையும் பாய் சென்னைக்குப் போன் போட்டுக் கெஞ்சி, யாரோ விட்டுக்கொடுத்த இடத்தை வாங்கினார்.

எனக்கு அவமானமாக இருந்தது. பிரவுசரை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

வேலூரில் மாதாமாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவேன். அதோடு ஒரு சி.டி. இலவசம். அந்த மாத சி.டி.யில் ஒரு புதுப் பிரவுசரும், அதில் மாட்டுவதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட துணைக்கருவிகளும் இருந்தன. கம்ப்யூட்டரில் வந்த பிரவுசரை அப்படியே பயன்படுத்துகிறவர்களை அந்தப் பத்திரிகை மிகவும் கேவலமாக எழுதியிருந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே வாரத்தில் பதினான்கு கருவிகளை மாட்டினேன். பின்னணியில் சூரியகாந்திப் பூ. மேலே டூல்பார் ஐந்து. அதில் ஒன்று லண்டனில் மழை பெய்கிறதா என்று சொல்லும். (ஆம்பூரில் மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.) பக்கத்தைப் பார்க்கிற இடம் நாலு விரல் உயரம்தான் மிச்சம்.

ரஃபீக் பாய் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா இது, கம்ப்யூட்டரா, பூக்கடையா?”

“ஸ்பீடு பாய். எல்லாம் ஸ்பீடுக்காக.”

“பூவு எதுக்கும்மா ஸ்பீடுக்கு?”

மவுஸை ஒரு இழுப்பு இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போகிற கருவியையும் போட்டிருந்தேன். பாய் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க உட்கார்ந்து மவுஸை நகர்த்தியதும் ஸ்கோர் ஓடிவிட்டது. மறுபடி நகர்த்தினார், இன்னும் பின்னால் ஓடியது. “பேஜாரா கீதும்மா உன் மெஷினு” என்று எழுந்து போனவர் அப்புறம் ரேடியோவில்தான் ஸ்கோர் கேட்டார்.

உண்மையில் ஸ்பீடு கொடுத்தவை நான்கே நான்கு. ஒன்று, எழுத வேண்டிய விவரத்தைத் தானாக நிரப்புவது. இரண்டு, சொன்ன நேரத்துக்கு ஒரு தடவை பக்கத்தைத் தானே புதுப்பிப்பது. மூன்று, படங்களை அடியோடு நிறுத்திவிடுவது. லோகோ கீகோ எதுவும் வராது, எழுத்து மட்டும் வரும். பக்கம் மூன்று விநாடியில் இறங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். நான்காவதுதான் வினை. ஒரு விவரத்தை அனுப்பிய பிறகு அதே பக்கத்தைப் புதுப்பித்தால், 'அனுப்பியதையே மறுபடி அனுப்பட்டுமா?' என்று பிரவுசர் கேட்கும். எத்தனை நல்ல கேள்வி! எனக்கு அது தொணதொணப்பாகத் தெரிந்தது. அந்தக் கேள்வியை வராமல் செய்கிற கருவியையும் தேடிப்பிடித்து மாட்டினேன்.

அந்த வாரம் பாய் பேக்கிங் ஷெட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். சரக்கு டிசம்பர் 23க்குள் பாஸ் ஆகிப் போய்விட்டால் 24லிருந்து ஒன்றாம் தேதி வரை லீவு. போகாவிட்டால், போகிற வரைக்கும் பேக்கிங் ஆட்கள் வர வேண்டும், கிறிஸ்துமஸ் ஆனாலும். நாற்பது பெண்களில் பாதிக்கு மேல் மாதனூர்ப் பக்கம். பெரும்பாலும் எங்கள் சர்ச் ஆட்கள். சூப்பர்வைசர் ரோஸ்லின் அக்கா நேராக என் மேசைக்கு வந்தார்.

“எஸ்தரு, உன் கையிலதான் கீது. என் வூட்டுக்காரரு ரெண்டு வருஷம் கழிச்சு மஸ்கட்லேர்ந்து வர்றாரு. இருபத்தி நாலு காலைல ஏர்போர்ட்டுக்குப் போவணும்.”

“அக்கா, முதல் ஸ்லாட்டே நமக்குத்தான். எழுதி வெச்சுக்கோங்க.”

அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம். ஷெட் முழுக்க ஊசியும் நூலும்தான்.

பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, பத்து மணி. பக்கம் திறந்தது. விவரம் தானே நிரம்பியது. அழுத்தினேன். உடனே பதில் பக்கம் வந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. நடுவில் ஒரு காலிச் சதுரம், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பக்கத்தில் அதுவரை ஒரு ஸ்லாட்டும் கிடைத்ததில்லை. தோற்றால் 'இடமில்லை' என்று எழுத்தில் வரும், அது எனக்கு மனப்பாடம். ஜெயித்தால் என்ன வரும் என்று நான் பார்த்ததே இல்லை. ஜெயித்தால் ஒரு பச்சை டிக்கும், அதற்குள் 'உறுதி' என்ற சொல்லும், தேதியும் வரும். மூன்றும் சேர்ந்து ஒரே படம். நான்தான் படத்தை நிறுத்திவிட்டேனே.

போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்லி மெஷினை ஏவினேன். அப்போது பார்த்து பாய் பெட்டி மார்க்கிங் பார்க்கக் கூப்பிட்டார். போனேன். அங்கே ஒருவனைத் திட்ட வேண்டியிருந்தது, திட்டினேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் திரையில் 'இடமில்லை'.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஷூ பெட்டியிலிருந்து ரிசீவரை எடுத்து, பேரணாம்பட்டு கம்பெனி கிளார்க் சம்பத்துக்குப் போன் போட்டேன். கம்பெனிகளுக்குள் ஆயிரம் போட்டி இருக்கும், ஒருவர் டிசைனை இன்னொருவர் கண்ணில் காட்ட மாட்டார்கள். ஆனால் அட்டைப்பெட்டி தீர்ந்தால் கிளார்க்குகள் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வோம்.

“சம்பத், நீயாடா எடுத்த?”

“நான் எங்க எடுத்தேன்? எனக்கு லோகோவே பாதிதான் வந்துச்சு.”

“பொய் சொல்லாத. திருட்டு முழி முழிக்கிற.”

“போன்ல என் முழி எப்படித் தெரியும் உனக்கு?”

அப்புறம் வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. வரிசையாக ஒன்பது கம்பெனிக்குப் போன். ஒன்பது பேரையும் திட்டினேன். மூன்று பேருக்கு மட்டும் ஆளுக்கொரு ஸ்லாட் கிடைத்திருந்தது. மிச்சம் இருபத்தொன்றை யார் விழுங்கியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எவனோ ஒரு பேராசை பிடித்தவன் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாய் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அவரே மேசையைத் தட்டினார். “எழுதும்மா ஒரு லெட்டரு. நல்லா காரமா எழுது.”

காரம் என் துறை. எந்தக் கம்பெனி இந்த அயோக்கியத்தனத்தைச் செய்ததோ அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதன் சரக்கை அந்த வாரத்தின் கடைசி ஸ்லாட்டுக்குத் தள்ள வேண்டும், எவ்வளவு கெஞ்சினாலும் இரக்கம் காட்டக் கூடாது என்று என்னிடம் இருந்த மொத்த இங்கிலீஷையும் கொட்டி எழுதினேன். பாய் கையெழுத்துப் போட்டார். மற்ற ஒன்பது கம்பெனியும் ஃபேக்ஸில் வாங்கி, தங்கள் சீலை அடித்து அனுப்பின. சென்னைக்குப் போனது.

மறுநாள் காலை ஃபேக்ஸ் மெஷின் கத்தியது. முதல் தாள் வந்தது. நான் வெற்றிக் களிப்போடு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். 'உங்கள் கோரிக்கை நியாயமானது. அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். சம்பந்தப்பட்ட கம்பெனியின் பெயர் கீழே.' கீழே பார்த்தேன். அப்புறம் சத்தமாகப் படிக்கவில்லை.

மெஷின் நிற்கவும் இல்லை. ஸ்லாட் உறுதியான தாள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. எங்கள் கம்பெனி பெயர், எங்கள் ஆர்டர் நம்பர். மறுபடி எங்கள் பெயர், அதே நம்பர். தாள் மேசையைத் தாண்டித் தரையில் இறங்கி, பாயின் செருப்பு வரைக்கும் போனது. இருபத்தொன்று. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, என்னைக் கேட்காமலே, என் பிரவுசர் அதே விவரத்தை மறுபடி மறுபடி அனுப்பியிருக்கிறது. பாய் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றை எடுத்துப் பார்த்தார்.

“எஸ்தர்ம்மா, லெட்டர்ல இங்கிலீஷு நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சென்னை மேடத்துக்குப் போன் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இனிக்கப் பேசினேன். “மேடம், எல்லாத்தையும் கேன்சல் பண்ணி மத்தவங்களுக்குக் குடுத்துடுங்க மேடம்.”

“அது முடியாதும்மா. இன்ஸ்பெக்டருங்களுக்கு வண்டி, ரூம், கேட் பாஸ் எல்லாம் உங்க கம்பெனி பேர்ல போட்டாச்சு. அவங்க உங்க கேட்டுக்குத்தான் வருவாங்க.”

“அப்ப மத்தவங்க சரக்கு?”

“அதுவும் உங்க கேட்டுக்கு வரட்டும்.”

“எங்க சரக்கு மேடம்?”

“கடைசி ஸ்லாட். இருபத்தி நாலு, சனிக்கிழமை மத்தியானம். இரக்கம் காட்டக் கூடாதுன்னு நீங்களே கேட்டிருக்கீங்களே.”

சனிக்கிழமை பாஸ் ஆனால் அன்று சாயங்காலமே சரக்கு ஏறிவிடும், மறுநாள் கிறிஸ்துமஸ். ஃபெயில் ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் ஷெட்டில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து அடுக்க வேண்டும், திங்கள் மறுபடி இன்ஸ்பெக்‌ஷன். ரோஸ்லின் அக்காவிடம் இதை நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. டேப் ஒட்டிக்கொண்டே, “அப்ப அவரு ஏர்போர்ட்லேர்ந்து தனியா வருவாரு” என்றார்.

பத்தொன்பதாம் தேதியிலிருந்து எங்கள் ஷெட் சந்தை ஆனது. பேரணாம்பட்டு டெம்போ, வாணியம்பாடி லாரி, மேல்விஷாரத்திலிருந்து ஒரு டிராக்டர்கூட. ஏழு கம்பெனி சரக்கு ஒரே கூரைக்குக் கீழே. தங்கள் டிசைனை அடுத்தவன் பார்த்துவிடக் கூடாதே! ஆளாளுக்குப் போர்வை, பெட்ஷீட், தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். ஒரு கம்பெனி கல்யாணப் பந்தல் துணியையே கொண்டுவந்து கட்டியது. சம்பத் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உருட்டினான்.

“இப்ப என் முழி எப்படி கீது மேடம்? திருட்டு முழியா, நல்ல முழியா?”

“போடா.”

“இன்னும் எத்தினி ஸ்லாட்டு கீது? என் தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கல. நீ அமுக்கிப் பாரேன்.”

ஆறு நாளும் தலையைக் குனிந்துகொண்டு எல்லோருக்கும் டீ கொடுத்தேன். கோபக்காரி டீ கொடுப்பதைப் பார்க்கவே தையல் லைனிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் எங்கள் சரக்குக்கு வந்தார். ஒல்லியான மனிதர். பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எஸ்தர்ங்கிறது நீங்கதானா? ஆறு நாளா உங்க கேன்டீன் சாம்பார்தாங்க சாப்பிடுறேன். மத்த வாரம்னா ஒவ்வொரு கம்பெனிலயும் ஒரு சாப்பாடு.” நாற்பது பெண்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷூவில் ஒரு குறையும் இல்லை. மூன்றரை மணிக்கு அவர் ஒரு வரிசைப் பெட்டியைத் தட்டினார். உள்ளே நாற்பத்திரண்டாம் சைஸ், வெளியே ஸ்டிக்கரில் நாற்பத்தொன்று. நூற்றிருபது பெட்டி. (இது என் வேலை இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அன்று எல்லோரும் முதலில் என்னைத்தான் பார்த்தார்கள்.)

“அஞ்சரைக்கு நான் கிளம்பணும். அதுக்குள்ள மாத்தினா பாஸ். இல்லன்னா திங்கக்கிழமை.”

ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு பக்கம் ஸ்டிக்கர். நானூற்றெண்பது. பழசைச் சுரண்டி எடுத்துப் புதுசை ஒட்ட வேண்டும். பாய் புது ஸ்டிக்கர் அடிக்க ஓடினார். பெண்கள் ஸ்கேல், பிளேடு, நகம் என்று கிடைத்ததை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார்கள். மணி நாலரை ஆனபோது பாதிகூட முடியவில்லை. ரோஸ்லின் அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அப்போது பேரணாம்பட்டுப் போர்வை விலகியது. சம்பத்தும் அவன் லோடிங் ஆட்கள் ஆறு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் சரக்கு வியாழக்கிழமையே பாஸ். மிச்சப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர்கள்.

“தள்ளு மேடம். நீ சுரண்டுனா அட்டையே கிழியுது.”

அவனைப் பார்த்துவிட்டு வாணியம்பாடி ஆட்கள், அப்புறம் அந்தப் பந்தல் துணிக்காரர்கள். வாரம் முழுக்க ஒளித்துவைத்த டிசைனை மறந்து, துணியெல்லாம் திறந்து கிடக்க, மூன்று கம்பெனி ஆட்கள் எங்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சுரண்டினார்கள். யாருடைய மொபைலிலோ கிறிஸ்துமஸ் பாட்டு ட்யூன் அடித்தது. பாய் ஸ்டிக்கர்களைக் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, முழங்கால் போட்டு, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தார். நான் அத்தனை வருஷம் வேலை பார்த்த அந்த ஷெட்டை நினைத்தால், இன்றும் அந்த ஒரு மணி நேரம்தான் கண்ணில் நிற்கிறது.

ஐந்து இருபதுக்குக் கடைசி ஸ்டிக்கர். இன்ஸ்பெக்டர் பத்துப் பெட்டியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. வாசலில் ஒருவர் தோல்பையோடு நின்றிருந்தார். மஸ்கட்டிலிருந்து வந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேரே கேட்டுக்கு வந்துவிட்டார். ரோஸ்லின் அக்கா கையெல்லாம் பசையோடு போய் அவர் பையைப் பிடுங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஏறப்போகும்போது திரும்பி, “எஸ்தரு! வேலை முடிஞ்சிச்சு. திரும்ப ஏதாவது அமுக்கித் தொலைச்சிடாத!” என்றார். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரித்தபடிதான் சொன்னார், அது எனக்குப் போதும்.

ஜனவரி இரண்டாம் தேதி போனபோது என் கம்ப்யூட்டர் மொட்டையாக இருந்தது. பூ இல்லை, டூல்பார் இல்லை, லண்டன் மழை இல்லை. பாய் ஆளை வைத்துப் பழைய பிரவுசரையே போட்டுவிட்டார். அடுத்த திங்கள் ஏஜென்சி பக்கத்தைத் திறந்தேன். லோகோ கோடு கோடாக இறங்கியது, பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். பட்டனுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சிவப்பு எழுத்தில் இருந்தது: 'ஒரு முறை அழுத்தினால் போதும்.'

இப்போது இந்த நாட்டில் எந்தப் பக்கத்தில் எதற்குப் பணம் கட்டினாலும் அந்த மாதிரி ஒரு வரி இருக்கிறது. எல்லாம் என்னால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த முதல் வரி என்னால் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் சம்பத் இதை என் கணவரிடம் போட்டுக்கொடுத்தான், அவர் பிள்ளைகளிடம் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் மரியாதை கிடையாது. சாப்பிட வாங்கடா என்று நான் மூன்றாவது தடவை கத்தினால், உள்ளேயிருந்து என் மகள் நிதானமாகக் குரல் கொடுக்கிறாள்: “ம்மா, ஒரு முறை அழுத்தினால் போதும்.”

நான் நான்காவது தடவையும் கத்துவேன்.